எண்ணெய் எழுந்து நிற்கிறது

சோப்புக் குமிழியில்தான் இது ஆரம்பித்தது. சி.வி. பாய்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர், லண்டனில் சிறுவர்களுக்கு நடத்திய சொற்பொழிவுகளை 1890ல் புத்தகமாக்கினார். கம்பி வளையங்களில் நிற்கும் இரண்டு குமிழிகளை ஒன்றோடொன்று லேசாக அழுத்தினால் ஒட்டாது, இடையில் மாட்டிக்கொண்ட காற்று தடுக்கும். ஓர் அரக்குக் குச்சியைத் தேய்த்துப் பக்கத்தில் கொண்டுவந்தால் இரண்டும் சட்டென்று ஒரே குமிழியாகிவிடும் என்கிறது அந்தப் புத்தகம்.

நானும் செய்து பார்த்தேன். கடற்கரையில் வாங்கிய 20 ரூபாய் குமிழி பாட்டில், கட்டுக்கம்பியில் இரண்டு வளையம், தலைவாரும் சீப்பு. அக்டோபர் மாதச் சென்னை. எவ்வளவு தேய்த்தாலும் சீப்பு ஒரு காகிதத் துணுக்கைக்கூடத் தூக்கவில்லை. குமிழிகள் உடைந்தன, சேரவில்லை. "காத்துல இவ்ளோ ஈரம் இருந்தா சீப்புல என்னப்பா நிக்கும்?" என்றாள் மகள்.

நண்பர் ஒருவரிடம் புலம்பியபோது, திரவப் படலங்களை மின்புலத்தால் ஆட்டிவைக்கிறவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வகத்தைக் கைகாட்டினார். மூன்று மின்னஞ்சல், இரண்டு வாரக் காத்திருப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை வரச் சொன்னார்கள். பெயர் போட வேண்டாம் என்பது மட்டும்தான் நிபந்தனை.

கிண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் 20 ரூபாய். வாசலிலிருந்து துறைக் கட்டிடம் வரை நடந்ததில் கைப்பேசி 1,900 அடி எடுத்துவைத்ததாகக் காட்டியது. இரண்டாவது மாடி, வராந்தாவின் கடைசி அறை. கதவைத் திறந்ததும் அசிட்டோன் வாசனை, நகப்பூச்சு அழிக்கும்போது வருமே அதேதான். ஏசி கடுமையாக ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்த ஈரப்பதமானி 46 என்றது. வெளியே 80க்கு மேல் இருந்திருக்கும். என் சீப்பு தோற்ற காரணம் வாசலிலேயே தெரிந்துவிட்டது.

ஆய்வு மாணவி ஒருவர்தான் காட்டினார். நான்காம் ஆண்டு, ஊர் விருதுநகர் பக்கம். "செருப்பைக் கழட்டிட்டு அந்த ரப்பர் மேட் மேல வந்துருங்க சார். நான் சொல்ற வரைக்கும் எதையும் தொட வேணாம்" என்றார். கருவி என்றால் பெரிதாக ஏதோ இருக்கும் என்று போன எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மேசைமேல் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு கண்ணாடி அடுக்கு. அதிலிருந்து இரண்டு ஒயர். அருகே உயர் மின்னழுத்தம் தரும் பெட்டி, கணினியில் செருகிய சின்ன நுண்ணோக்கி ஒன்று. நுண்ணோக்கி 2,000 ரூபாய் என்றார். மின்பெட்டி 60,000.

அடுக்கின் கட்டுமானத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். கீழே ஒரு சதுரக் கண்ணாடி, மேலே ஒன்று, ஒவ்வொன்றும் 25 மில்லிமீட்டர். இரண்டின் உள்பக்கத்திலும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற மெல்லிய பூச்சு. மின்சாரத்தைக் கடத்தும், ஒளியையும் விடும். கைப்பேசித் தொடுதிரைகளில் இருப்பதும் அதுதான். ஒரு துண்டு 350 ரூபாய். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 100 மைக்ரான் இடைவெளி வேண்டும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதை எதை வைத்துத் துல்லியமாக நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். மாணவி இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்தார். பழைய ஓஎச்பி ஷீட்! ஜெராக்ஸ் கடையில் பத்து ரூபாய். அதன் தடிமன் 100 மைக்ரான்தான். கத்தரியால் நான்கு சிறு துண்டு நறுக்கி மூலைக்கு ஒன்றாக வைத்துவிட்டால் போதும். அந்த அறையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அது.

கீழ்க் கண்ணாடியில் எண்ணெய் பூச வேண்டும். சிலிக்கோன் எண்ணெய், தேன் அளவுக்கு இல்லாவிட்டாலும் விளக்கெண்ணெய் அளவுக்குப் பிசுபிசுப்பு. நடுவில் சொட்டுவிட்டு, நிமிடத்துக்கு 1,000 சுற்று வீதம் 30 வினாடி சுழற்றினார். சுழற்றி, கணினியின் பழைய ஹார்டு டிஸ்க் மோட்டாரில் செய்தது. ஓரத்தில் எண்ணெய் தெறித்து நின்றபின் மிஞ்சுவது சுமார் 48 மைக்ரான் கனமுள்ள படலம். தலைமுடியின் குறுக்களவே 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். எண்ணெய் இருப்பதே தெரியவில்லை, ட்யூப்லைட்டின் பிம்பம் மட்டும் கோடு போட்டதுபோல் நேராக விழுந்திருந்தது.

"இந்தப் பிம்பத்தைப் பாத்துட்டே இருங்க" என்று மேல் கண்ணாடியை வைத்து 250 வோல்ட் கொடுத்தார்.

ஒன்றும் ஆகவில்லை. கைப்பேசியில் நேரம் ஓடவிட்டிருந்தேன். பத்து வினாடி, இருபது. மீட்டரில் மின்னோட்டம் பூஜ்யம். எண்ணெய் மின்கடத்தாப் பொருள், நடுவே காற்று வேறு. மின்சாரம் எங்கும் பாயவில்லை, அழுத்தம் மட்டுமே இருக்கிறது. 25 வினாடி தாண்டியபோது ட்யூப்லைட்டின் கோடு மெல்ல நெளிந்தது. நான் தலையை ஆட்டிவிட்டேனோ என்று நினைத்தேன். இல்லை, நெளிவு கூடிக்கொண்டே போனது. தட்டையாக இருந்த எண்ணெய் மேடும் பள்ளமுமாகிறது. அந்த நேரம் பார்த்து மாணவி ஸ்விட்சை அணைத்தார். நெளிவு தானாக அடங்கியது. பத்துப் பதினைந்து வினாடியில் கோடு மறுபடி நேர்.

மறுபடி போடச் சொன்னேன். நெளிந்தது. அணைக்கச் சொன்னேன். அடங்கியது. நான்கு முறை செய்யவைத்தேன், அவர் சலித்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது முறை அணைக்காமல் விட்டோம். மேடுகள் கூராகி எழுந்து ஒவ்வொன்றாக மேல் கண்ணாடியைத் தொட்டன. திரையில் பார்த்தால், இருட்டுப் பின்னணியில் வட்ட வட்டமாக எண்ணெய்த் தூண்கள். முதல் தூண் மேலே தொட 47 வினாடி ஆயிற்று.

நடப்பது என்னவென்று அவர் வெள்ளைப் பலகையில் வரைந்தார். எந்தத் திரவத்தின் மேற்பரப்பும் முற்றிலும் தட்டையாக இருப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் எப்போதும் உண்டு. நடுக்கத்தில் ஓர் இடம் கொஞ்சம் மேடானால், அந்த மேட்டுக்கும் மேல் மின்முனைக்கும் உள்ள தூரம் குறைகிறது. தூரம் குறைந்தால் அங்கே மின்புலம் வலுக்கிறது. வலுத்த புலம் மேட்டை இன்னும் மேலே இழுக்கிறது. இதைத் தடுக்க முயல்வது பரப்பு இழுவிசை, தட்டையாக்குவதே அதன் வேலை. குறுகிய, கூரான நெளிவுகளை அது உடனே அழித்துவிடும். அகலமான நெளிவில் அதன் பிடி தளர்ந்துவிடும். ஆனால் மிக அகலமான மேடு கட்ட நெடுந்தூரத்திலிருந்து எண்ணெய் ஓடிவர வேண்டும், படலமோ மெல்லியது, நேரம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் அகலம் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வளர்கிறது. அதுதான் தூணுக்கும் தூணுக்கும் உள்ள தூரம்.

2000ஆம் ஆண்டில் ஷாஃபர், ஸ்டைனர், ரஸ்ஸல் ஆகியோர் அடங்கிய குழு இதை எண்ணெய்க்குப் பதில் பாலிமர் படலத்தில் செய்து நேச்சர் இதழில் எழுதியது. பாலிமரைச் சூடாக்கி இளக்கி, மின்புலத்தில் தூண்களை எழுப்பி, அப்படியே குளிரவைத்தால் தூண்கள் உறைந்து நிற்கும். நம் நாட்டில் கான்பூர் ஐஐடியில் ஆசுதோஷ் சர்மாவின் குழு இத்தகைய படலங்களின் கணக்கை விரிவாகப் போட்டிருக்கிறது. மாணவியின் மேசையில் அந்தக் கட்டுரைகள் அச்செடுத்து, ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கலோடு கிடந்தன.

"வோல்டேஜை ரெண்டு மடங்கு ஆக்கினா தூண்களுக்கு நடுவுல உள்ள தூரம் பாதியாயிடும். நேரம் பதினாறுல ஒரு பங்கு ஆயிடும்" என்றார்.

பதினாறா? பார்த்துவிடலாம் என்றேன். புதுக் கண்ணாடி, புதுப் படலம், இதற்கே கால் மணி நேரம். 500 வோல்ட். இம்முறை பிம்பம் நெளிவதைப் பார்க்கக்கூட அவகாசமில்லை. என் விரல் நிறுத்தும் பொத்தானில் படும்போது 4 வினாடி. 250 வோல்ட்டில் இன்னொரு படலம் போடச் சொல்லி அளந்தேன், 58 வினாடி. ஆக, ஒரு கணக்கில் ஏறக்குறைய 12 மடங்கு, இன்னொரு கணக்கில் பதினாலரை மடங்கு. பதினாறு இல்லை. "உங்க விரல் லேட் சார்" என்று சிரித்தார். இருக்கலாம். நான் பார்த்ததை நான் எழுதுகிறேன். தூரக் கணக்கு மட்டும் சரியாக வந்தது. திரையில் எஃகு ஸ்கேலை வைத்து எண்ணினேன்: 250 வோல்ட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு 6 தூண், 500ல் 12.

இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள், தூண்கள் அறுகோண ஒழுங்கில் அமையும் என்று. கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல, இடைப்புள்ளி வைப்பதுதான். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஆறு புள்ளி. பலகையில் வரைந்ததும் இடைப்புள்ளிதான். திரையில் நான் கண்டது அது அல்ல. வலது மூலையில் ஒரு நகம் அகலத்துக்கு மட்டும் இடைப்புள்ளி ஓரளவு ஒழுங்காக இருந்தது. மற்ற இடமெல்லாம் கை பழகாத குழந்தை வைத்த கோலம். இடதுபக்கம் ஓர் இடத்தில் தூண்கள் வட்டமாக, வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டமாக நின்றன. நடுவில் என்ன என்று பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு தூசி! அது படலத்தில் முதல் மேட்டைப் போட்டுக்கொடுத்துவிட்டது, மற்றவை அதைப் பார்த்து வரிசையில் நின்றுகொண்டன. "கட்டுரைல நல்லா வந்த மூலையைத்தான் படம் போடுவோம்" என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

தூசி வரிசை போட வைக்கும் என்றால் நாமே வரிசை போடலாமே? அதற்கும் ஒரு கண்ணாடி வைத்திருந்தார். மேல் கண்ணாடியின் பூச்சைக் கோடு கோடாக அமிலத்தில் அரித்தெடுத்தது. மறைப்புக்குப் பூசியது சாதாரண நகப்பூச்சு. அந்தக் கண்ணாடியை வைத்து மின்னழுத்தம் கொடுத்ததும் பூச்சு மிஞ்சிய கோடுகளுக்குக் கீழே மட்டும் எண்ணெய் எழுந்தது, நேர்ப்புள்ளி வைத்ததுபோல் வரிசையாக. அச்சு எதுவும் படலத்தைத் தொடவில்லை.

700 வோல்ட் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு பழைய கண்ணாடியை நீட்டினார். நடுவில் மிளகு அளவு கறுப்புப் பொட்டு. மேலே மிஞ்சும் காற்று இடைவெளி 50 மைக்ரான்தான், அளவு மீறினால் பொறி பறந்து பூச்சு எரிந்துவிடும். "இது மாதிரி ஒம்பது கண்ணாடி போயிருக்கு சார்." மனக்கணக்கில் 3,150 ரூபாய். அதற்குமேல் கேட்கவில்லை.

கேன்டீனில் 15 ரூபாய் டீ. டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. அதையும் ஒரு படலமாகப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டிருந்தேன்.

மதியம் இரண்டாவது மேசை. இங்கே ஒரு சதுரக் கண்ணாடிக் குப்பி. அடியில் ஒரு விரல்கடை உப்புத் தண்ணீர், அதன்மேல் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய், காலையில் பார்த்ததைவிட நீர்த்தது. மேலே எண்ணெயில் முங்கிய ஊசி. ஊசியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு மெல்ல மெல்ல இறங்கிக் கீழேயுள்ள தண்ணீரின்மேல் போய் உட்கார்ந்தது. தண்ணீர் தண்ணீரோடு சேர வேண்டியதுதானே? சேரவில்லை. இடையில் அகப்பட்ட எண்ணெய்ப் படலம் வழிந்து போகும்வரை சொட்டு மேலேயே உருண்டையாக உட்கார்ந்திருந்தது. மூன்று சொட்டுக்கு நேரம் பார்த்தேன்: 19, 31, 24 வினாடி.

ஊசிக்கும் கீழ்த் தண்ணீருக்கும் இடையே 300 வோல்ட். சொட்டு இறங்கியது, தொட்டது, காணோம். உட்காரவே இல்லை. படலத்தை மின்புலம் கிழித்துவிட்டது. பாய்ஸின் குமிழிகளில் நடப்பதும் இதுதான், அங்கே காற்றுப் படலம், இங்கே எண்ணெய்ப் படலம்.

நூறு வருஷத்துக்கு மேலாகப் பெட்ரோலியத் தொழிலுக்குச் சோறு போடுகிற விஷயம் இது. பூமியிலிருந்து வரும் கச்சா எண்ணெயில் உப்புத் தண்ணீர் நுண்ணிய துளிகளாகக் கலந்திருக்கும். அப்படியே சூடாக்கினால் உப்பிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிளம்பிக் குழாய்களை அரிக்கும். துளிகளோ எண்ணெய்ப் படலம் தடுப்பதால் ஒன்றுசேராது, கீழே இறங்காது. கலிபோர்னியாவில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஃபிரெடெரிக் காட்ரெல், மின்புலத்தால் துளிகளைச் சேர்க்கும் முறைக்கு 1911ல் காப்புரிமை பெற்றார். இன்றும் சுத்திகரிப்பு ஆலைக்குள் நுழையும் கச்சா எண்ணெய் முதலில் தண்ணீரில் கழுவப்பட்டு, பல ஆயிரம் வோல்ட் மின்முனைகள் உள்ள தொட்டி வழியாகத்தான் போகிறது. டீசால்ட்டர் என்பார்கள்.

"அப்ப வோல்டேஜ் ஏத்த ஏத்த இன்னும் வேகமா சேரும்" என்றேன், கண்டுபிடித்துவிட்ட தோரணையில்.

மாணவி ஒன்றும் சொல்லாமல் வேறொரு பெட்டியை இணைத்து 4,000 வோல்ட் வைத்தார். வலது கையால் மட்டுமே திருகினார், இடது கை கோட் பாக்கெட்டில். ஷாக் அடித்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகாமலிருக்க இந்தப் பழக்கமாம். சொட்டு வேகமாகக் கீழே பாய்ந்தது. தண்ணீரைத் தொட்டது. தொட்ட இடத்திலிருந்து, சுவரில் அடித்த ரப்பர் பந்துபோல மேலே திரும்பியது! ஊசியைத் தொட்டது, மறுபடி கீழே. மறுபடி மேலே. ஒரு சொட்டு 22 முறை போய் வந்ததை எண்ணினேன், அதற்குப் பிறகு எண்ணவில்லை. கீழே ஒரு கடலே காத்திருக்க, சொட்டு அதில் சேர மறுக்கிறது.

இது இவர்கள் கண்டுபிடித்ததல்ல. ரிஸ்டன்பார்ட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2009ல் நேச்சரில் எழுதியது. எதிரெதிர் மின்னூட்டமுள்ள துளிகள் ஒன்றையொன்று ஈர்க்கும், ஆகவே சேரும் என்றுதான் அதுவரை நம்பிக்கை. தொடும் நொடியில் இரண்டு துளிகளும் கூம்பாக நீண்டு நடுவில் ஒரு மெல்லிய நீர்ப்பாலம் உண்டாகிறது, அதன் வழியே மின்னூட்டம் கைமாறிவிடுகிறது. கூம்பு மழுங்கலாக இருந்தால் பாலம் தடித்துத் துளிகள் சேரும். புலம் மிக வலுவாக இருந்து கூம்பு அளவுமீறிக் கூராகிவிட்டால், பரப்பு இழுவிசையே பாலத்தை அறுத்துவிடுகிறது. சேர்த்துவைத்த அதே மின்புலம்தான் பிரிக்கவும் செய்கிறது. கேள்விப்பட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். 22 முறை பார்த்தேன்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைக் காகிதத்தில்தான் காட்டினார். கூரையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஈரம் சொட்டாகத் திரண்டு விழுமல்லவா, மின்புலத்தைப் படலத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் படலத்தின் போக்கிலேயே செலுத்தினால் அந்தத் திரளலை அடக்கலாம் என்கிறது கணக்கு. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டிமெட்ரியோஸ் பாபஜார்ஜியோவின் குழு இதில் நிறைய எழுதியிருக்கிறது. செங்குத்துப் புலம் படலத்தைக் குலைக்கும், கிடைப் புலம் அது நெளியும்போது இழுத்துப் பிடிக்கும். செய்து காட்ட முடியுமா என்றேன். "அடுத்த வருஷம் வாங்க சார்" என்றார். வருகிறேன். பார்க்காததைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

கிளம்பும்போது மணி நான்கே முக்கால். என் சீப்புக் கதையைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஏசி ரூம்ல அரை மணி நேரம் ஓடவிட்டுட்டு செய்யுங்க. தலைல எண்ணெய் வைக்காதீங்க." தேங்காய் எண்ணெய் வைத்த தலையில்தான் அத்தனை நாளும் சீப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவே படுக்கையறையில் ஏசியை ஓடவிட்டு, தலைக்குக் குளித்துக் காயவைத்த மகளிடம் சீப்பைக் கொடுத்தேன். முதல் மூன்று ஜோடி உடைந்தன. நான்காவது ஜோடி ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நின்றது, வளையத்தை நான் லேசாக அசைத்தபோது வழுக்கிக்கொண்டு நகர்ந்தது, ஒட்டவில்லை. மகள் சீப்பை ஒரு முழம் தூரத்தில் கொண்டுவந்தாள். இரண்டு குமிழி ஒரு குமிழியானது எந்த நொடியில் என்று இருவருக்கும் தெரியவில்லை.

நீங்களும் செய்து பாருங்கள். சீப்பு போதும். கொசு பேட்டைக் கழற்றி அதன் சர்க்யூட்டை எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், என் மகளும் சொன்னாள். அதில் ஆயிரம் வோல்ட்டுக்குக் குறையாது, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் மிச்சம் இருக்கும். தயவுசெய்து அதைக் கழற்ற வேண்டாம்.